டிராப்ஷிப் (ஸ்டார்கிராஃப்ட் விண்கலம்)

டிராப்ஷிப் என்பது ஸ்டார்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் இடம்பெறும் கற்பனையான படைப் போக்குவரத்து விண்கலம் ஆகும். அமெரிக்காவின் பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 1998 மார்ச் 31 அன்று இந்த விளையாட்டை வெளியிட்டது. இதில் டெரான், சர்க், புரோட்டாஸ் என்று மூன்று இனங்கள் போரிடுகின்றன. டெரான் எனப்படுவோர் மனிதர்கள். அவர்களுக்கு உரிய கலமே டிராப்ஷிப்.

இக்கலத்தில் துப்பாக்கியோ ஏவுகணையோ கிடையாது. வீரர்களையும் ஊர்திகளையும் ஏற்றிச் சென்று இறக்குவதும், தேவைப்பட்டால் மீண்டும் ஏற்றி வருவதும் மட்டுமே இதன் வேலை. அப்படியிருந்தும், இவ்விளையாட்டின் வரலாற்றில் நினைவில் நின்ற ஆட்டங்கள் பலவற்றின் முடிவை இந்த ஆயுதமற்ற கலம் தீர்மானித்திருக்கிறது.

உண்மை வரலாற்றில் முன்னோடிகள்

படையை எதிரி எதிர்பாராத இடத்தில் இறக்குவது போர்க்கலையின் பழைய சிக்கல்களில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் இதற்கு விடையாக அமைந்தது ஹிக்கின்ஸ் படகு. நியூ ஆர்லியன்சைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் வடிவமைத்த இப்படகு 36 வீரர்களை ஏற்றிக்கொண்டு கரைவரை சென்று, முன்பக்கக் கதவைச் சாய்தளமாகக் கீழே இறக்கும். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய வீரர்களில் பெரும் எண்ணிக்கையினர் இத்தகைய படகுகளில் வந்தவர்களே. கதவு திறந்த நொடியில் எதிரியின் குண்டுகள் நேராக உள்ளே பாய்ந்த கொடுமையும் அன்று பல இடங்களில் நடந்தது.

வியட்நாம் போரில் படகின் இடத்தை ஹெலிகாப்டர் பிடித்தது. 1965 நவம்பர் 14 அன்று இயா டிராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் படையினர் ஹெலிகாப்டர்களில் இருந்து இறக்கப்பட்டனர். ஒரே நேரத்தில் சிலரைத்தான் கொண்டுவர முடிந்ததால், முதலில் இறங்கியவர்கள் அடுத்த அணி வரும்வரை தனித்து நின்று போரிட வேண்டியிருந்தது. அன்று புரூஸ் கிராண்டால் என்ற விமானி, ஆயுதமில்லாத தம் ஹெலிகாப்டரில் 22 முறை பறந்தார். உள்ளே போகும்போது வெடிபொருள்களைக் கொண்டு சென்றார். வெளியே வரும்போது காயமடைந்தவர்களைக் கொண்டு வந்தார். அதற்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த படை விருதான மெடல் ஆஃப் ஆனர் 2007இல் அவருக்கு வழங்கப்பட்டது.

அறிவியல் புனைகதைகள் இதே பணியை விண்வெளிக்குக் கொண்டு சென்றன. ராபர்ட் ஹைன்லைன் 1959இல் எழுதிய ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் நாவலில் வீரர்கள் தனித்தனிக் கூடுகளில் அடைக்கப்பட்டு, சுற்றுப்பாதையிலிருந்து கோளை நோக்கி ஏவப்படுகின்றனர். ஜேம்ஸ் கேமரூன் இயக்கி 1986இல் வெளிவந்த ஏலியன்ஸ் திரைப்படத்தில், தாய்க்கப்பலிலிருந்து பிரிந்து கோளில் இறங்கும் ஒரு கலம் வீரர்களைக் கொண்டு செல்கிறது. ஸ்டார்கிராஃப்ட் டிராப்ஷிப்பின் பெண் விமானி பேசும் தொடர்கள் அந்தப் படத்தில் வரும் பெண் விமானியின் பேச்சை நினைவூட்டும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன.

விளையாட்டுகளில் முன்னோடிகள்

நிகழ்நேர வியூக விளையாட்டு என்பது, சதுரங்கத்தைப் போல முறைவைத்து ஆடாமல், இரு தரப்பும் ஒரே நேரத்தில் பொருள் சேர்த்து, படை திரட்டிப் போரிடும் விளையாட்டு வகை. இதன் தொடக்க கால நூல்பாடம் போல மதிக்கப்படுவது வெஸ்ட்வுட் நிறுவனம் 1992இல் வெளியிட்ட டியூன் II. அதில் வரும் கேரியால் என்ற வானூர்தி, அறுவடை எந்திரங்களைத் தூக்கிச் சென்று உதவும்.

பிளிசார்ட் நிறுவனமே 1995இல் வெளியிட்ட வார்கிராஃப்ட் II விளையாட்டில் ஆறு பேரை ஏற்றிச் செல்லும் போக்குவரத்துக் கப்பல் இருந்தது. அது கடலில் மட்டுமே செல்லும். ஆகவே கடலும் கரையும் சேரும் இடங்களைக் காத்தால் போதும். ஸ்டார்கிராஃப்டில் கப்பல் வானத்தில் ஏறியபோது இந்த நிலை மாறியது. பாறைமேடு, பள்ளம், விண்வெளி வெற்றிடம் ஆகிய எதுவும் தடையாக இல்லை. பாசறையின் வாயிலை மட்டும் காத்துவந்த ஆட்டக்காரர், அதன் நான்கு பக்கங்களையும் காக்க வேண்டியவர் ஆனார்.

கதைப் பின்னணி

ஸ்டார்கிராஃப்டின் கதையில் டெரான் இனத்தின் வரலாறே ஒரு போக்குவரத்துக் கப்பலில்தான் தொடங்குகிறது. இருபத்து மூன்றாம் நூற்றாண்டில் பூமியின் அரசு சுமார் 40,000 கைதிகளை நான்கு பெருங்கப்பல்களில் ஏற்றித் தொலைதூரக் கோள் ஒன்றுக்கு அனுப்புகிறது. கைதிகளின் விருப்பம் கேட்கப்படவில்லை. வழிகாட்டும் கணினி பழுதுபடவே, கப்பல்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இலக்கின்றிப் பறந்து, கோப்ருலு என்னும் பகுதியைச் சென்றடைகின்றன. ஆர்கோ, நாகில்ஃபார், ரீகன், சாரெங்கோ என்பன அந்த நான்கு கப்பல்கள். இவற்றுள் சாரெங்கோ தரையில் மோதி அழிகிறது. மற்றக் கப்பல்களில் உயிர் பிழைத்தவர்களின் வழிவந்தவர்களே டெரான்கள்.

எனவே டெரான்களின் நாகரிகத்தில் பெரும்பாலானவை பழைய சரக்குக் கப்பல்களின் சாயலில் அமைந்துள்ளன. அவர்களின் கட்டடங்களில் சில தரையை விட்டு எழும்பி வேறிடம் பறந்து செல்லக்கூடியவை. தடித்த உடலும், குறைந்த அலங்காரமும், சுமை தூக்குவதற்கான வடிவமும் கொண்ட டிராப்ஷிப் இந்தச் சூழலுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

அமைப்பும் செலவும்

டிராப்ஷிப் ஸ்டார்போர்ட் எனப்படும் விண்கலத் தொழிற்சாலையில் உருவாக்கப்படுகிறது. அத்தொழிற்சாலையுடன் கன்ட்ரோல் டவர் என்ற இணைப்புக் கட்டடமும் இருக்க வேண்டும். விளையாட்டில் செலவாகும் பொருள்கள் இரண்டு: கனிமம், வெஸ்பீன் வாயு. ஒரு டிராப்ஷிப்புக்கு 100 அலகு கனிமமும் 100 அலகு வாயுவும் தேவை. அதன் தாங்குதிறன் 150 புள்ளிகள். கவச மதிப்பு 1.

கலத்தின் உள்ளே எட்டு இடங்கள் உள்ளன. மரைன் எனப்படும் காலாட்படை வீரர் ஒருவர் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வார். வல்ச்சர், கோலியாத் ஆகிய ஊர்திகளுக்கு இரண்டு இடங்கள் வேண்டும். சீஜ் டேங்க் என்ற முற்றுகை டாங்கிக்கு நான்கு இடங்கள் வேண்டும். ஆகவே ஒரு பயணத்தில் எட்டு மரைன்களையோ, நான்கு கோலியாத்துகளையோ, இரண்டு டாங்கிகளையோ கொண்டு செல்லலாம். இவற்றைக் கலந்தும் ஏற்றலாம்.

ஏறியவர்கள் கலத்துக்குள் இருந்தபடி சுட முடியாது. இறங்கும்போது ஒருவர் பின் ஒருவராகவே இறங்குவர். கலம் சுட்டு வீழ்த்தப்பட்டால் உள்ளே இருப்பவர்கள் அனைவரும் அதனுடன் அழிவர். ஒருவரும் தப்ப முடியாது. டிராப்ஷிப்பைப் பற்றிய எல்லாக் கணக்குகளும் இந்த விதியிலிருந்தே பிறக்கின்றன.

இழப்பின் கணக்கு

இந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு டாங்கியின் விலை 150 கனிமம், 100 வாயு. இரண்டு டாங்கிகளுடன் பறக்கும் டிராப்ஷிப்பின் மொத்த மதிப்பு 400 கனிமம், 300 வாயு. சர்க் இனத்திடம் ஸ்கர்ஜ் என்ற சிறு பறவை போன்ற உயிரி உண்டு. அது எதிரிக் கலத்தின்மேல் மோதித் தானும் அழியும். ஒரு மோதலின் தாக்கம் 110 புள்ளிகள். தாங்குதிறன் 150 கொண்ட டிராப்ஷிப்பை வீழ்த்த இரண்டு ஸ்கர்ஜ்கள் போதும். அந்த இரண்டின் விலை 25 கனிமமும் 75 வாயுவும் மட்டுமே.

டெரான் இனத்தவர் தங்களுக்குள் மோதும்போதும் இதே நிலைதான். ஏவுகணைக் கோபுரத்தின் ஒரு தாக்கு 20 புள்ளி. கவசத்துக்கு 1 கழிந்தால் 19. எட்டு ஏவுகணைகள் பட்டால் 152 புள்ளி, கலம் முடிந்தது. நான்கு கோபுரங்கள் ஒருங்கே சுடும் இடத்தில் சிக்கினால் இரண்டு சுற்றுகளே போதும்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் இக்கலத்தை ஏன் பயன்படுத்துகின்றனர்? எதிரியின் பெரும்படை முன்னரங்கில் நிற்கும்போது, பின்னால் கனிமம் தோண்டும் தொழிலாளர்கள் காவலின்றி இருப்பார்கள். அங்கே எட்டு மரைன்கள் இறங்கினால், அரை நிமிடத்தில் எதிரியின் வருவாயை முடக்கிவிடலாம். எதிரி தன் படையைத் திருப்பி அழைத்தால் முன்னரங்கு திறந்துவிடும். அழைக்காவிட்டால் பொருளாதாரம் சரியும். அந்தப் படை வந்து சேர்வதற்குள் மரைன்களை மீண்டும் ஏற்றிக்கொண்டு பறந்துவிடுவதே கைதேர்ந்த ஆட்டம். இறக்கிவிட்டு மறந்துபோவது கற்றுக்குட்டியின் ஆட்டம்.

மற்ற இனங்களின் முறை

மூன்று இனங்களும் படையைச் சுமக்கும் விதத்தில் வேறுபடுகின்றன. புரோட்டாஸ் இனத்தின் ஷட்டில் என்ற கலத்திலும் எட்டு இடங்கள் உள்ளன. அதை ஓட்டுபவர் இல்லை. அது தானியங்கி எந்திரம். அதன் வேகத்தைக் கூட்டும் ஆய்வும் உண்டு. சர்க் இனத்தில் ஓவர்லார்டு என்ற மிதக்கும் உயிரியே, உரிய மாற்றம் பெற்றபின், வயிற்றுப் பைகளில் படையைச் சுமக்கும்.

டெரான் கலத்தின் வேகத்தைக் கூட்ட முதல் விளையாட்டில் எந்த ஆய்வும் இல்லை. ஆனால் உள்ளே ஒரு மனித விமானி இருக்கிறார். கட்டளை இட்டால் குரல் கொடுக்கிறார். மூன்றில் இழப்பு என்ற சொல்லுக்கு மனித முகம் இருப்பது இந்த ஒன்றுக்குத்தான்.

தென் கொரியாவும் லிம் யோ-ஹ்வானும்

ஸ்டார்கிராஃப்ட் வெளிவந்த காலத்தில் தென் கொரியா 1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியிலிருந்து மீண்டுகொண்டிருந்தது. பிசி பாங் எனப்படும் கணினி நிலையங்கள் தெருவுக்குத் தெரு பெருகின. அங்கே இளைஞர்கள் விரும்பி ஆடிய விளையாட்டாக ஸ்டார்கிராஃப்ட் மாறியது. 1998இன் இறுதியில் புரூட் வார் என்ற விரிவாக்கம் வந்தது. அதில் மெடிக் என்ற மருத்துவ வீரர் சேர்க்கப்பட்டார். ஆட்டங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. தொழில்முறை அணிகள் தோன்றின.

அக்காலத்தில் டெரான் வலுக்குறைந்த இனமாகக் கருதப்பட்டது. அந்த எண்ணத்தை மாற்றியவர் 1980இல் பிறந்த லிம் யோ-ஹ்வான். பாக்சர் என்ற ஆட்டப்பெயரால் அறியப்பட்ட இவர், 2001இல் ஆன்கேம்நெட் ஸ்டார்லீக் போட்டியில் அடுத்தடுத்து இரண்டு முறை பட்டம் வென்றார். 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் உலக சைபர் விளையாட்டுப் போட்டியிலும் முதலிடம் பெற்றார். டிராப்ஷிப்பைக் கையாளும் திறமையே இவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. மரைன்களையும் மெடிக்குகளையும் ஏற்றி எதிரியின் பின்புறம் இறக்குவார். சுடப்படும் நிலையில் உள்ள டாங்கியைக் குண்டு வருமுன் தூக்கிக்கொண்டு, சில அடிகள் தள்ளி மீண்டும் இறக்குவார். இத்தகைய ஆட்டங்களால் ரசிகர்கள் அவரை டெரான் பேரரசர் என்று அழைத்தனர்.

லாஸ்ட் டெம்பிள் என்ற புகழ்பெற்ற வரைபடமும் இக்கலத்தின் பயனைக் காட்டியது. அதில் ஆட்டக்காரர்கள் இரண்டாவது பாசறை அமைக்கும் இடத்தின் அருகே, தரைவழியாக ஏற முடியாத பாறைமேடு உண்டு. அதன்மேல் டிராப்ஷிப் மூலம் ஒரு டாங்கியை ஏற்றிவிட்டால் கீழுள்ள பாசறை முழுவதும் அதன் குண்டுவீச்சுக்குள் அகப்படும். கீழே நிற்பவர்களுக்கு மேலே இருப்பது கண்ணுக்கே தெரியாது.

லிம் 2006இல் தென் கொரியச் சட்டப்படி கட்டாயப் படைச்சேவையில் சேர்ந்தார். அந்நாட்டு விமானப்படை, தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கொண்டு ஏஸ் என்ற அணியை அமைத்திருந்தது. கற்பனை விண்கலத்தால் புகழ்பெற்றவர் உண்மையான விமானப்படையின் சீருடையில் அதே விளையாட்டை ஆடினார்.

வராத கப்பல்

போட்டி ஆட்டங்களில் கப்பல் வந்து இறங்குவதே செய்தியாகிறது. கதைப்பகுதியிலோ, கப்பல் வராமல் போனதே திருப்பமாகிறது. டெரான் கதையின் இறுதிக்கு முந்தைய கட்டம் நியூ கெட்டிஸ்பர்க். கிளர்ச்சித் தலைவர் ஆர்க்டுரஸ் மெங்ஸ்க், டார்சோனிஸ் கோளில் உள்ள அரசை அழிப்பதற்காகச் சர்க் கூட்டத்தைத் திட்டமிட்டு அங்கே வரவழைக்கிறார். அதைத் தடுக்க வரும் புரோட்டாஸ் படையை மறிக்கும்படி தம் துணைத்தளபதி சாரா கெரிகனை அனுப்புகிறார். கெரிகன் இட்ட பணியை முடிக்கிறார். பின்னர் சர்க் கூட்டம் சூழ்ந்துகொள்ள, தம்மையும் வீரர்களையும் மீட்கும்படி வேண்டுகிறார். மெங்ஸ்க் மீட்புக் கலத்தை அனுப்பாமல் கப்பற்படையைப் புறப்படச் சொல்கிறார். ஜிம் ரெய்னர் என்ற தளபதி மன்றாடியும் பயனில்லை.

இதன் விளைவு பெரியது. ரெய்னர் மெங்ஸ்க்கை விட்டு விலகி அவருக்கு எதிரி ஆகிறார். சர்க் கூட்டத்திடம் அகப்பட்ட கெரிகன் உருமாற்றப்பட்டு, கத்திகளின் அரசி என்ற பெயரில் மனிதர்களுக்கே பெரும் பகையாக எழுகிறார். அடுத்த விளையாட்டின் கதை முழுவதும், விட்டுவிட்டு வந்த ஒருவரை மீட்டு வருவதைப் பற்றியே செல்கிறது. 2010இல் வெளியான விங்ஸ் ஆஃப் லிபர்ட்டியின் முடிவில் ரெய்னர் அவரைத் தம் கைகளில் ஏந்தி நடந்து வருகிறார்.

கதையில் ரெய்னரின் குற்றச்சாட்டு, வீரர்களைச் செலவுக் கணக்காகப் பார்த்தார் என்பதே. அதே விளையாட்டின் போட்டிக் களத்தில், ஒவ்வோர் ஆட்டக்காரரும் அந்தக் கணக்கையே போட வேண்டியிருக்கிறது. எட்டு மரைன்களை இறக்கி இருபது தொழிலாளர்களை அழித்தபின், அந்த எட்டுப் பேரை மீட்கக் கலத்தைப் பணயம் வைப்பதா, விட்டுவிட்டு வருவதா என்ற முடிவை நொடிப்பொழுதில் எடுக்க வேண்டும். கதை கண்டிப்பதை ஆட்டம் அனுமதிக்கிறது. இந்த முரண்பாட்டை எதிர்கொள்ளாமல் டிராப்ஷிப்பைப் பயன்படுத்த முடியாது.

மெடிவாக்

2010 ஜூலை 27 அன்று வெளியான ஸ்டார்கிராஃப்ட் II: விங்ஸ் ஆஃப் லிபர்ட்டியின் போட்டி ஆட்டத்தில் டிராப்ஷிப்பும் மெடிக்கும் இல்லை. இரண்டின் பணிகளையும் மெடிவாக் என்ற ஒரே கலம் ஏற்றது. காயமடைந்தவர்களை வான்வழியே வெளியேற்றும் மருத்துவப் பணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சுருக்கப் பெயரை ஒட்டியது இப்பெயர். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில், சிறு ஹெலிகாப்டர்களின் வெளிப்புறத்தில் படுக்கைகளைக் கட்டிக் காயமடைந்தவர்களைக் கொண்டு சென்றனர். பெருமளவில் இப்பணி உருப்பெற்றது அந்தப் போரில்தான்.

மெடிவாக்கின் விலை, தாங்குதிறன், எட்டு இடங்கள் ஆகியவை பழைய கலத்தைப் போன்றவையே. இதிலும் ஆயுதம் இல்லை. ஆனால் தன்னிடம் உள்ள ஆற்றலைச் செலவழித்து, தரையில் நிற்கும் வீரர்களை ஒவ்வொருவராகக் குணப்படுத்தும். டாங்கி போன்ற எந்திரங்களுக்கு இது பயன்படாது.

இந்த இணைப்பு ஆட்டத்தின் போக்கையே மாற்றியது. பழைய டிராப்ஷிப் படையை இறக்கியபின் ஆபத்திலிருந்து விலகி நிற்பதே நல்லது. மெடிவாக்கோ இறக்கிய வீரர்களின் தலைக்கு மேலேயே நிற்க வேண்டும்; நின்றால்தான் அவர்கள் பிழைப்பர். கொண்டுவந்த கலம் கூடவே இருப்பதால், திரும்பி ஏற்றிச் செல்வதும் இயல்பான செயலாகிவிட்டது.

2013 மார்ச் 12 அன்று வந்த ஹார்ட் ஆஃப் த ஸ்வார்ம் விரிவாக்கத்தில், சில நொடிகள் மிகுவேகத்துடன் பறக்கும் ஆற்றல் மெடிவாக்குக்குத் தரப்பட்டது. 2015 நவம்பரில் வந்த லெகசி ஆஃப் த வாய்டு பகுதியில், முற்றுகை நிலையில் ஊன்றிய டாங்கியை அப்படியே தூக்கிச் சென்று இறக்கும் வசதி வந்தது. டாங்கிக்கு இருந்த பெரிய குறை, ஊன்றியபின் நகர முடியாதது. அக்குறையும் நீங்கியதால் சமநிலை குலைந்தது என்று கருதப்பட்டு, 2016 நவம்பரில் அந்த வசதி நீக்கப்பட்டது.

செயற்கை நுண்ணறிவுக்கு எதிராக

போக்குவரத்துக் கலத்தின் வலிமைக்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், ஸ்டார்கிராஃப்ட் II விளையாட்டில் போலந்தைச் சேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர் மானாவை 5-0 என்ற கணக்கில் வென்றது. 2019 ஜனவரி 24 அன்று நேரலையில் நடந்த மற்றோர் ஆட்டத்தில் மானா வென்றார். அதற்கு அவர் பயன்படுத்தியது, புரோட்டாஸ் இனத்தின் ஆயுதமற்ற போக்குவரத்துக் கலமான வார்ப் பிரிசம்.

அவர் இம்மார்ட்டல் என்ற எந்திரங்களைப் பாசறையின் பின்புறம் இறக்கினார். நிரல் தன் முழுப்படையையும் அங்கே திருப்பியது. உடனே அவற்றை ஏற்றிக்கொண்டு விலகினார். படை முன்னே சென்றதும் மீண்டும் இறக்கினார். நிரல் ஒவ்வொரு முறையும் முழுப்படையுடன் திரும்பி வந்தது. இந்த அலைச்சலில் கிடைத்த நேரத்தில் மானா தம் படையைப் பெருக்கிக்கொண்டு வெற்றி பெற்றார். லிம் யோ-ஹ்வான் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் மனிதர்களிடம் பயன்படுத்திய அதே முறை, எந்திரத்திடமும் பலித்தது.

மதிப்பீடு

வியூக விளையாட்டுகளில் புதியவர்களின் கண்ணைக் கவர்பவை பெரிய போர்க்கப்பல்கள். அனுபவம் கூடக்கூட, போக்குவரத்துக் கலத்தின் மேல் மதிப்பு உயர்கிறது. பீரங்கி தான் நிற்கும் இடத்தை மட்டும் காக்கும். எட்டு இடங்கள் கொண்ட கலமோ, வரைபடத்தின் எந்த மூலையையும் போர்க்களம் ஆக்கிவிடும்.

கலத்தின் வடிவமைப்பில் நிகழ்ந்த மாற்றமும் கருதத்தக்கது. 1998இல் இது வீரர்களை இறக்கும் கலம் என்ற பெயரையே கொண்டிருந்தது. 2010இல் காயமடைந்தவர்களை மீட்கும் கலத்தின் பெயரைப் பெற்றது. இயா டிராங் பள்ளத்தாக்கில் ஒரே ஹெலிகாப்டர் செய்த இரண்டு வேலைகளும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் விளையாட்டிலும் ஒன்றுசேர்ந்தன. ஆயினும் மீட்கும் வசதியைக் கொடுப்பதுதான் விளையாட்டால் முடியும். நியூ கெட்டிஸ்பர்க்கில் கப்பல்களுக்குக் குறைவில்லை. அனுப்புவதற்கான கட்டளைதான் வரவில்லை. மெடிவாக் காலத்திலும் அந்தக் கட்டளை ஆட்டக்காரரின் கையிலேயே இருக்கிறது.